எஞ்சின் போன எஞ்சின் வீடு: பழைய சுரங்கக் கட்டடங்களை எப்படிப் படிப்பது, எப்படிக் காப்பது

கடலோரப் பாறை விளிம்பில் கூரையில்லாத கருங்கல் சுவர்கள் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும். ஒரு மூலையில் புகைபோக்கி ஒட்டிக்கொண்டிருக்கும், ஜன்னல் இருந்த இடமெல்லாம் வெறும் ஓட்டை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் சிதைந்த தேவாலயம் என்பார்கள், இல்லாவிட்டால் யாரோ ஒரு பிரபுவின் கோட்டை என்பார்கள். இரண்டும் இல்லை. பொட்டாலக் என்ற ஊரில் கடலை ஒட்டி அப்படி நிற்கும் இரண்டு கட்டடங்களும் வெள்ளீயமும் செம்பும் எடுத்த சுரங்கத்தின் எஞ்சின் வீடுகள்.

பெயரில்தான் வீடு. எஞ்சினை மழையில் நனையாமல் வைக்க நாலு சுவர் எழுப்பினார்கள் என்று நினைத்தால் தப்பு. அந்தச் சுவர்களே எஞ்சினின் ஒரு பாகம். சுவர் இல்லாவிட்டால் எஞ்சின் நிற்காது, ஓடாது. பழைய சுரங்கக் கட்டடங்களைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தொல்லியலாளர்கள் அவற்றை எப்படிப் படிக்கிறார்கள், காப்பவர்கள் எதற்காக ஒரு துருப்பிடித்த ஆணிக்குக்கூட சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

சரி, எதற்கு எஞ்சின்? தண்ணீர். ஆழமாகத் தோண்டினால் ஊற்று வரும், எந்தச் சுரங்கமானாலும் இதுதான் கதை. கனிமம் கீழே எவ்வளவு இருந்தாலும் தண்ணீரை இறைக்க முடிகிற ஆழம் வரைதான் மனிதன் போக முடியும். 1712-ல் தாமஸ் நியூகோமன் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நீராவியால் ஓடும் இறைப்பு எஞ்சினை நிறுவினார். அது நிலக்கரியை அள்ளித் தின்றது. நிலக்கரிச் சுரங்கத்தில் அதைப் பற்றி யாருக்குக் கவலை, ஆனால் நிலக்கரியே இல்லாத கார்ன்வாலுக்கு ஒவ்வொரு கூடையும் கப்பலில் வந்தாக வேண்டும். ஜேம்ஸ் வாட் 1769-ல் காப்புரிமை வாங்கிய தனிக் குளிர்விப்பான், அதாவது வேலை முடிந்த நீராவியை உருளைக்கு வெளியே வேறொரு பாத்திரத்தில் குளிரவைக்கும் அமைப்பு, அந்தச் செலவை வெகுவாகக் குறைத்தது. அந்த உரிமை 1800-ல் முடிந்த பிறகு ரிச்சர்ட் ட்ரெவிதிக் போன்ற உள்ளூர்ப் பொறியாளர்கள் உயர் அழுத்த நீராவியை வைத்து அதைவிடச் சிக்கனமான எஞ்சின்களைச் செய்தார்கள். கார்னிஷ் எஞ்சின் என்று பிறகு உலகம் முழுக்கப் போனது அந்த வகைதான்.

அது வேலை செய்யும் விதம் நமக்குச் சுலபமாகப் புரியும், ஏனென்றால் நமக்கு ஏற்றம் தெரியும். நடுவில் ஒரு தாங்கி, அதன்மேல் நீளக் கட்டை, ஒரு முனை இறங்கினால் மறுமுனை ஏறும். கார்னிஷ் எஞ்சினில் அந்தக் கட்டை இரும்பு வார்ப்பு உத்திரம். அதன் ஒரு முனை கட்டடத்துக்குள்ளே, உருளையின் பிஸ்டனோடு பிணைந்திருக்கும். மறுமுனை சுவரைத் தாண்டி வெளியே, நேராகச் சுரங்கக் குழிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அதிலிருந்து ஒரு மரத்தண்டு பல நூறு அடி கீழே தொங்கும். நீராவி பிஸ்டனைக் கீழே தள்ளும்போது வெளியே உள்ள தண்டு மேலே தூக்கப்படுகிறது, பிறகு அந்தத் தண்டு தன் சொந்த எடையால் இறங்கும்போது தண்ணீரை மேலே அழுத்தி அனுப்புகிறது. அதாவது தண்ணீரை ஏற்றுவது நேரடியாக நீராவி இல்லை, நீராவி தூக்கிவிட்ட எடை.

ஏற்றத்தின் தாங்கி எங்கே இருக்கிறது? சுவரின் தலையில். உத்திரத்தின் மொத்தப் பாரமும் குழியைப் பார்த்த அந்த முன்சுவர் மேல்தான். கார்ன்வால்காரர்கள் உத்திரத்தை பாப் என்று அழைத்ததால் அதற்கு பாப் சுவர் என்று பெயர். ஈஸ்ட் பூல் சுரங்கத்தில் இன்றும் நிற்கும் டெய்லர் எஞ்சினின் உருளை விட்டம் 90 அங்குலம், உத்திரத்தின் எடை மட்டும் சுமார் 52 டன். அவ்வளவு எடை நிமிடத்துக்குச் சில தடவை ஏறி இறங்கும், ராத்திரி பகல் பாராமல், வருஷக்கணக்கில். அதனால்தான் பாப் சுவர் ஒரு மீட்டருக்கும் கூடுதலான கனத்தில், பெரிய பெரிய செதுக்கிய கருங்கல்லில் இருக்கும். மற்ற மூன்று சுவர்களும் அதைவிட மெலிசு, கல்லும் சாதாரணக் கல். ஒரு சிதிலத்தின் முன்னால் நின்று எந்தச் சுவர் கனமானது என்று பார்த்தாலே போதும், குழி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அந்தப் பக்கம் போகாதீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே நின்றால் என்ன தெரியும்

இப்படிப்பட்ட வீட்டுக்குள் போய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் தரையைப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய கல் மேடை, அதில் ஆழமான துளைகள். உருளையைத் தரையோடு பிடித்துக் கட்டிய போல்ட்டுகள் இறங்கிய துளைகள் அவை. உருளை வேலை செய்யும்போது மேலே எழும்பப் பார்க்கும், அதை அடக்க அந்தக் கல்லின் எடை தேவை. துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து அங்கே எவ்வளவு பெரிய எஞ்சின் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். எஞ்சினே இல்லாமல் எஞ்சினை அளப்பது, சட்டையை வைத்து ஆளை அளப்பது மாதிரி.

அப்படியே பின்சுவரைப் பாருங்கள். ஒரு ஆள் நுழைய இவ்வளவு பெரிய வாசல் எதற்கு என்று தோன்றும் அளவுக்கு உயரமான வளைவு வாசல் ஒன்று இருக்கும். உருளை உள்ளே போன வழி அது. இரண்டு பக்கச் சுவர்களிலும் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருக்கும், தளங்களைத் தாங்கிய மரங்கள் செருகியிருந்த இடங்கள். நடுத்தளத்தில் ஆள் நின்று உருளையின் தலையைக் கவனித்தான், மேல்தளத்தில் உத்திரத்தின் தாங்கிகளுக்கு எண்ணெய் விட்டான். எண்ணெய்க் கறை சில சுவர்களில் இன்னும் இருக்கிறது.

புகைபோக்கியைப் பார்த்தால் பெரும்பாலும் கீழ்ப்பாதி கல்லாகவும் மேல்பாதி செங்கல்லாகவும் இருக்கும். அழகுக்காக இல்லை. உயரம் கூடக்கூடச் சுவர் மெலிய வேண்டும், வட்டமாகவும் இருக்க வேண்டும், கரடுமுரடான கல்லை வைத்து அதைச் செய்வதைவிடச் செங்கல் லேசு, சுலபம். பக்கத்தில் கொதிகலன் அறை இருந்திருக்கும், அதற்குப் பாரம் தாங்கும் வேலை இல்லாததால் சுவர் மெலிசாகக் கட்டினார்கள், அது முதலில் விழுந்துவிட்டது. ஆனால் எஞ்சின் வீட்டின் சுவரில் அதன் கூரை சாய்ந்திருந்த கோடு தழும்பு மாதிரி தெரியும்.

எல்லா எஞ்சின் வீடும் தண்ணீர் இறைக்க இல்லை. சில கனிமத்தை மேலே இழுக்க, சில கல்லை இடித்துப் பொடியாக்க. வெளியே வந்து பாப் சுவரின் முன்னால் பார்த்தால் வித்தியாசம் புரியும்: இறைப்பு எஞ்சின் என்றால் சுவரை ஒட்டியே குழி, மற்ற இரண்டும் என்றால் குழிக்குப் பதிலாக ஒரு கல்மேடையும் அதில் நீளமான பிளவுகளும் இருக்கும், பெரிய சக்கரம் சுழன்ற பிளவு அது.

எஞ்சின் எங்கே போனது என்று கேட்டால், விற்றுவிட்டார்கள். சுரங்கக் கம்பெனி நொடித்தால் முதலில் ஏலத்துக்கு வருவது எஞ்சின்தான், வாங்கியவர் கழற்றி எடுத்துப் போய் வேறு சுரங்கத்தில் புது வீடு கட்டி மாட்டுவார், சுவர்களை யாரும் வாங்கமாட்டார்கள். சவுத் க்ராஃப்டி சுரங்கத்தின் ராபின்சன் குழியில் இருந்த 80 அங்குல எஞ்சின் 1854-ல் வேறொரு சுரங்கத்துக்காகச் செய்தது. அது கை மாறி ஊர் மாறி 1903-ல் சவுத் க்ராஃப்டிக்கு வந்து சேர்ந்து, 1955 மே வரை ஓடியது. ஒரு எஞ்சினுக்கு ஒரு நூற்றாண்டு ஆயுள், அதற்குள் பல வீடுகள். அப்படியானால் ஒரே வீட்டில் அடுத்தடுத்து வெவ்வேறு எஞ்சின்கள் இருந்த கதையும் உண்டு, அங்கேதான் தொல்லியல் வேலை சுவாரசியமாகிறது.

சுவரில் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு தெரிந்தால், அதாவது இரண்டு பக்கக் கற்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னாமல் தனித்தனியாக முடிந்தால், ஒரு பக்கம் முதலில் கட்டி முடித்து இன்னொரு பக்கம் பின்னால் ஒட்டியது என்று அர்த்தம். வாசலை அடைத்த கல், ஜன்னலை வெட்டிப் பெரிதாக்கிய விளிம்பு, சுவரில் திடீரென்று மாறும் காரையின் நிறம், இவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி எது முதல், எது இரண்டாவது என்று அடுக்குவதுதான் கட்டடத் தொல்லியல். மண்ணைத் தோண்டாமல் நிற்கும் சுவரைத் தோண்டுவது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எஞ்சின் வீடு மட்டும்தான் சுரங்கமா

இல்லவே இல்லை. எஞ்சின் வீடு உயரமாக, அழகாக நிற்கிறது, அதனால் போஸ்ட்கார்டில் அது வந்துவிடுகிறது. ஆனால் சுரங்கம் என்பது ஒரு சங்கிலி: கல் குழியிலிருந்து வெளியே வந்து, உடைந்து, பொடியாகி, நீரில் அலசப்பட்டு, வறுக்கப்பட்டு, மூட்டையாகப் போவது வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு இடம் உண்டு. பார்வைக்கு ஒன்றுமில்லாத ஒரு வட்டக் குழிதான் பொடித்த கல்லை நீரில் சுற்றவிட்டுக் கனமான வெள்ளீயத்தைப் பிரித்த தொட்டியாக இருக்கும். புல் முளைத்த வட்டத் திடல் ஒன்று, நீராவிக்கு முன்னால் குதிரைகள் சுற்றிச் சுற்றி வந்து கயிறு இழுத்த இடமாக இருக்கும். இவை எல்லாம் முழங்கால் உயரம்கூட இல்லாதவை, அதனால் புல்டோசருக்கு முதலில் பலியாகிறவையும் இவைதான். ஒரு எஞ்சின் வீட்டை மட்டும் காப்பாற்றிவிட்டுச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் சமன்செய்து புல்தரை போட்ட இடங்களைப் பார்த்தால் எனக்குச் சமையலறையை இடித்துவிட்டு புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்த மாதிரி இருக்கும்.

வெடிமருந்துக் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாக் கட்டடங்களிலிருந்தும் விலகி, தனியாக, குட்டியாக நிற்கும். சுவர் கனம், கூரை லேசு. வெடித்தால் வேகம் பக்கவாட்டில் போகாமல் மேலே போகட்டும் என்று. இப்படி ஒரு கட்டடத்தின் வடிவமே அது எதற்குப் பயந்தது என்று சொல்லிவிடுகிறது.

இன்னொன்று, ஆர்சனிக். கார்ன்வால் வெள்ளீயக் கல்லில் ஆர்சனிக்கும் கலந்திருக்கும், வறுத்தால் ஆவியாகப் போகும். ஆரம்பத்தில் அது தொல்லை, பிறகு பூச்சிமருந்துக்கும் சாயத்துக்கும் கண்ணாடிக்கும் கிராக்கி வந்ததும் அதுவே வருமானம். அதைப் பிடிக்க வளைந்து வளைந்து போகும் அறைகள் கட்டினார்கள். புகை அந்தப் புதிர்வழியில் சுற்றிச் சுற்றி ஆறும்போது வெள்ளைப் படிகமாகச் சுவரில் ஒட்டும், பிறகு கதவைத் திறந்து ஆட்கள் உள்ளே போய்ச் சுரண்டி எடுப்பார்கள். மூக்கில் பஞ்சு அடைத்து, தோலில் களிமண் பூசிக்கொண்டு. அவ்வளவுதான் பாதுகாப்பு. பொட்டாலக்கில் இந்த அறைகளின் வளைவுகள் இன்னும் இருக்கின்றன, தாழ்வான, சாதாரணமான கல் வளைவுகள். அந்த இடத்தின் கதை தெரியாமல் பார்த்தால் அழகாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது உடை மாற்றும் கட்டடங்கள். வேல்ஸில் ப்ளைனாவன் ஊரில் பிக் பிட் என்ற நிலக்கரிச் சுரங்கம் 1980-ல் மூடி 1983-ல் அருங்காட்சியகமானது. அங்கே 1939-ல் கட்டிய குளியல் கட்டடம் இருக்கிறது. சுத்தமான பக்கம், அழுக்கான பக்கம் என்று இரண்டு பகுதி. காலையில் தொழிலாளி சுத்தமான பக்கம் வழியாக வந்து வீட்டு உடையைக் கழற்றி அலமாரியில் பூட்டி, குளியலறைகளைத் தாண்டி அழுக்கான பக்கம் போய் வேலை உடையை மாட்டிக்கொள்வார். ஷிஃப்ட் முடிந்தால் அப்படியே தலைகீழ். இதற்கு முன்னால் கரி படிந்த உடம்போடு வீடு வரை நடந்து போய் அடுப்படியில் ஒரு தொட்டியில் குளித்தார்கள், அதற்கு வெந்நீர் தூக்கியதும் அந்த உடைகளைத் துவைத்ததும் வீட்டுப் பெண்கள். அந்தக் கட்டடம் வந்ததும் ஒரு ஊர் முழுக்கப் பெண்களின் ஒரு நாள் வேலையே மாறியது. எஞ்சின் வீடு இயந்திரத்தைச் சொல்கிறது என்றால் இந்த அலமாரி வரிசை ஆட்களைச் சொல்கிறது.

தோண்டுவதற்கு முன்னால்

சுரங்கத் தொல்லியலில் மண்வெட்டி கடைசியில்தான் வரும். முதல் வேலை காகிதம். பிரிட்டனில் 1872-ல் வந்த சட்டங்களின்படி கைவிடும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அதனால் அதற்குப் பிந்தைய சுரங்கங்கள் நிறையவற்றுக்கு நிலத்தடி வரைபடம் கிடைக்கும். கம்பெனிக் கணக்குப் புத்தகங்கள் இருக்கும். பழைய பத்திரிகைகளில் ஏல விளம்பரங்கள் இருக்கும், இவைதான் பொக்கிஷம், ஏனென்றால் விற்கிறவன் எதையும் விடாமல் எழுதுவான்: இத்தனை அங்குல உருளை, இத்தனை கொதிகலன், இத்தனை அடி சங்கிலி.

அடுத்து அளவெடுப்பது. இப்போது ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டு நூற்றுக்கணக்கில் படமெடுத்து, கணினியில் கோத்து, சுவரின் ஒவ்வொரு கல்லும் தெரிகிற முப்பரிமாண மாதிரி செய்கிறார்கள். விமானத்திலிருந்து லேசர் கதிரைக் கீழே அனுப்பி மரங்களுக்கு அடியில் இருக்கும் தரையின் மேடு பள்ளத்தை எடுக்கும் முறையும் உண்டு, காட்டுக்குள் ஒளிந்திருக்கும் குதிரை வட்டங்களும் பழைய குழிகளும் அதில்தான் பளிச்சென்று வரும். ஆனாலும் ஒரு பழைய பழக்கத்தை விடமாட்டார்கள்: ஒருவர் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு சுவர் முன்னால் உட்கார்ந்து வரைவார். வரையும்போதுதான் கண் ஒவ்வொரு கல்லிலும் நிற்கும்.

கழிவு மேட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மேட்டின் அடியில் இருப்பது முதலில் தோண்டியது, மேலே இருப்பது கடைசியில் தோண்டியது, ஆக மேடு என்பது சுரங்கத்தின் தலைகீழ்ப் படம். அதிலும் சிக்கல் உண்டு. பிரித்தெடுக்கும் நுட்பம் முன்னேறிய பிறகு பழைய கழிவையே மறுபடி அரைத்து மிச்சத்தை எடுத்த காலங்கள் வரும், அப்போது பக்கங்கள் குழம்பிவிடும். கோலார் தங்க வயலில், தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இறங்கிய 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், 2001 பிப்ரவரியில் வேலை நின்றது. அதன் அடையாளமாக ஊரைச் சுற்றி நிற்பவை குழிக்குள் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கிய தூக்குக் கோபுரங்களும், தங்கத்தைப் பிரிக்கச் சயனைடில் ஊறிய கழிவு குவிந்த சயனைடு மேடுகளும்தான். அந்த மேடுகள் மாசு, தூசி, காற்றில் பறந்து வீட்டுக்குள் வரும். அதே சமயம் அந்தச் சுரங்கம் எவ்வளவு கல்லைத் தின்றது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சியும் இல்லை. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது.

பாப் சுவர்ப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னேன் அல்லவா. பல பழைய குழிகளின் வாயை மரப்பலகை போட்டு மேலே மண் கொட்டி மூடியிருப்பார்கள். நூறு வருஷத்தில் பலகை மக்கிவிடும், மேலே புல் மட்டும் பசேலென்று இருக்கும். மூடிய அறைகளிலும் சுரங்க வாய்களிலும் ஆக்சிஜன் குறைந்த காற்று தேங்கியிருக்கும், அதற்கு வாசனை கிடையாது. வெறுமனே படம் எடுக்கப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்றே எடுக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

எப்படி விழுகிறது, எப்படி நிறுத்துகிறார்கள்

இந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் நூறு வருஷம் நிற்க வேண்டும் என்று கட்டவில்லை. தாது தீரும் வரை நின்றால் போதும். உள்ளே பல இடங்களில் சாந்து என்ற பெயரில் இருப்பது வெறும் களிமண், வெளிப்பூச்சில் மட்டும் சுண்ணாம்பு. கூரை இருக்கும் வரை அது போதும். கூரை போனதும் சுவரின் தலையில் மழை இறங்கி உள்சாந்தைக் கரைத்துக்கொண்டே போகும்.

பெரும்பாலான விழுதல்கள் ஒரே இடத்தில் தொடங்கும்: வாசல், ஜன்னல்களின் மேல் கிடக்கும் மர விட்டம். வெளிப்பக்கம் கல் வளைவு இருந்தாலும் உள்பக்கம் மரம்தான் பாரம் தாங்கும். அது மக்கினால் முதலில் அதற்கு மேலே உள்ள கற்கள் ஒன்று, இரண்டு என்று உதிரும், கூடார வடிவில் ஒரு பொத்தல் மேலே மேலே ஏறும், ஒருநாள் அது மேல்ஜன்னலைத் தொட்டதும் சுவர் இரண்டாகப் பிளக்கும். ஆகவே காப்புப் பணியின் முதல் செலவு பெரும்பாலும் இந்த விட்டங்களுக்குத்தான். மக்கியதை எடுத்துவிட்டு அதே அளவில் உறுதியான மரமோ, கண்ணுக்குத் தெரியாத இடமென்றால் கான்கிரீட்டோ வைப்பார்கள். யார் வந்து பார்த்தாலும் ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும், அதுதான் நல்ல வேலை.

சுவரில் ஏறிய கொடியைப் பிடுங்கி இழுக்கக் கூடாது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வேர் சாந்துக்குள் ஓடியிருக்கும், இழுத்தால் கல்லோடு வரும். அடியில் வெட்டிவிட்டு அது காயும் வரை காத்திருந்து, சாரம் கட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த இடத்தை உடனே அடைக்க வேண்டும்.

அப்புறம் சிமெண்ட். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பழைய சுவரில் சிமெண்ட் பூசுவது பலப்படுத்துவது மாதிரி தெரியும், ஆனால் அது செய்கிற கெடுதல் மெதுவாகத்தான் வெளியே வரும். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும், சுவருக்குள் போன ஈரம் காரை வழியாக வெளியே வரும், சுவர் கொஞ்சம் அசைந்தாலும் காரை வளைந்து கொடுக்கும். சிமெண்ட் இறுகிப்போய் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும், குளிரில் அது உறையும்போது உடைவது சிமெண்ட் இல்லை, பக்கத்திலிருக்கும் கல். காரை தேய்ந்தால் திரும்பப் பூசலாம், கல் தேய்ந்தால் போனது போனதுதான். அதனால் பழைய காரையின் துண்டை எடுத்து அதில் என்ன மணல், எவ்வளவு சுண்ணாம்பு என்று பார்த்து அதே மாதிரி கலக்கிறார்கள், பூசிய பிறகு சீக்கிரம் காயாமலும் உறைபனி படாமலும் ஈரச் சாக்கு போட்டு மூடிவைக்கிறார்கள். சுவரின் தலைக்குச் சில இடங்களில் மண்ணும் புல்லும் வைத்து ஒரு தொப்பி போட்டுவிடுகிறார்கள், மழையை அது குடித்துக்கொள்ளும்.

இரும்பு, எஃகு என்றால் பிரச்சினை வேறு. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்தில் சோல்ஃபெரைன் சுரங்கத்தின் பன்னிரண்டாம் குழி 1932-ல் திறந்தது, 1986-ல் மூடியது, 2001-ல் உலக மரபுச் சின்னமானது. அதன் கட்டடங்கள் எஃகுச் சட்டமும் இடையில் செருகிய மெல்லிய செங்கல் திரையும்தான். உள்ளே இயந்திரம் ஓடியபோது யாருக்கும் குளிரவில்லை. அதையே அருங்காட்சியகமாக்கிச் சூடேற்றினால் அந்த மெல்லிய சுவரில் ஈரம் படியும், எஃகு துருவேறும், தடிமனாக்கினால் கட்டடத்தின் முகமே மாறும். இந்தத் தலைவலியோடுதான் நிலக்கரி கழுவிய பெரிய ஆலைக்குள் 2010-ல் ரூர் அருங்காட்சியகம் திறந்தது. அங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயம், பார்வையாளர்கள் தரைமட்டத்தில் நுழைவதில்லை, வெளியே நீண்ட நகரும் படிக்கட்டில் 24 மீட்டர் உயரத்துக்கு ஏறி, நிலக்கரி உள்ளே வந்த அதே மட்டத்தில் நுழைந்து, அது இறங்கிய மாதிரியே மாடி மாடியாக இறங்கி வருகிறார்கள்.

சிலியின் பாலைவனத்தில் ஹம்பர்ஸ்டோன், சாந்தா லாரா என்ற வெடியுப்புச் சுரங்க ஊர்கள். மரச்சட்டமும் நெளிதகரமும் வைத்துக் கட்டியவை. 2005-ல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன, அதே நேரத்தில் அழியும் ஆபத்தில் இருக்கும் மரபுச் சின்னங்களுக்கான அபாயப் பட்டியலிலும் சேர்ந்தன, அதிலிருந்து வெளியே வர 2019 ஆனது. போலந்தின் வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்கு எதிரி அதைவிட வினோதம்: காற்றோட்டத்துக்காக உள்ளே அனுப்பிய காற்றில் வந்த ஈரம். உப்பில் செதுக்கிய சிலைகள் மூக்கும் முகமும் கரையத் தொடங்கி, 1989 முதல் 1998 வரை அதுவும் அபாயப் பட்டியலில் இருந்தது.

இதற்கிடையில் குடியிருப்பவர்களையும் கவனிக்க வேண்டும், வௌவால்களைத்தான் சொல்கிறேன். பழைய குழிகளும் சுரங்க வாய்களும் அவற்றுக்குக் குளிர்காலப் படுக்கை. ஆகவே குழியைக் கான்கிரீட் போட்டு அடைக்காமல் இரும்புக் கம்பி வலை போட்டு, கம்பிகளுக்கு நடுவே வௌவால் பறந்து போகிற அளவுக்கு இடம் விடுகிறார்கள். உலோகம் கலந்த கழிவு மேடுகளில் மட்டுமே முளைக்கிற செடிகளும் பாசிகளும் உண்டு, மேட்டை நல்ல மண் கொட்டிப் பசுமையாக்கினால் அவை செத்துப்போகும்.

எதுவரை சரி செய்வது

இதுதான் முடியாத சண்டை. கூரை போட்டு, தளம் போட்டு, எஞ்சினையும் புதிதாகச் செய்து வைக்கலாமா, இல்லை இடிந்தது இடிந்தபடியே நிறுத்தினால் போதுமா? ஆஸ்திரேலிய மரபுப் பாதுகாவலர்கள் 1979-ல் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள், தேவையான அளவு செய், முடிந்த அளவு குறைவாகச் செய் என்பது அதன் சாரம். உலகம் முழுக்க இன்று மேற்கோள் காட்டுகிற அந்தச் சாசனத்துக்கு அவர்கள் கூடிய ஊரின் பெயரே நிலைத்துவிட்டது: பர்ரா. 1845 முதல் 1877 வரை செம்பு எடுத்த சுரங்க ஊர் அது, அங்கேயும் ஒரு கார்னிஷ் எஞ்சின் வீடு உண்டு.

ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்வது சுலபம். கார்ன்வாலின் லெவன்ட் சுரங்கத்தின் 1840-ம் ஆண்டு எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கம் 1930-ல் மூடியது, பழைய இரும்புக்குப் போகவிருந்ததை 1935-ல் ஆர்வலர்கள் சிலர் சங்கம் அமைத்து மீட்டார்கள், 1990-களில் அது மறுபடி நீராவியில் ஓடியது. ஓடுகிற எஞ்சினைப் பார்ப்பதும் நிற்கிற எஞ்சினைப் பார்ப்பதும் ஒன்றல்ல, அந்தச் சத்தம், எண்ணெய் வாசனை, உத்திரம் மெல்லத் தலையசைப்பது, இதெல்லாம் எந்தப் பலகையிலும் எழுத முடியாது. ஆனால் ஓடினால் தேயும். தேய்ந்தால் பாகம் மாற்ற வேண்டும். எத்தனை பாகம் மாற்றிய பிறகு அது 1840 எஞ்சின் இல்லை? என்னைக் கேட்டால், ஒன்றிரண்டு ஓடட்டும், மற்றவை இருக்கிறபடி இருக்கட்டும். எல்லாவற்றையும் மீட்டெடுத்தால் எது பழையது என்று சொல்ல ஆள் இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லோருக்கும் இந்தக் கட்டடங்கள் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வேல்ஸின் அபெர்வானில் 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது, 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் செத்துப்போனார்கள். அதன் பிறகு மேடுகளை அகற்றியவர்களிடம் போய் அது தொல்லியல் சான்று என்று யார் சொல்ல முடியும். அந்த லெவன்டிலேயே 1919 அக்டோபரில் ஆட்களை ஏற்றி இறக்கிய இயந்திரம் உடைந்து 31 பேர் செத்தார்கள். எஞ்சின் ஓடுவதைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் குழியையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

சவுத் க்ராஃப்டி 1998-ல் மூடியதும் தண்ணீர் ஏறி எல்லா மட்டங்களையும் நிரப்பிவிட்டது. 2023-ல் மறுபடி இறைக்கத் தொடங்கினார்கள், சுரங்கத்தைத் திறப்பதற்காக. இந்தத் தடவை எஞ்சின் வீடு தேவைப்படவில்லை. குழிக்குள் இறக்கிய மின்சாரப் பம்புகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றன.